மாட்டுச் சாணம் சொல்லும் சேதி

(பண்ணை வானொலிப் பேச்சு)

விடிந்ததும் மாட்டுக் கொட்டகையில் முதல் வேலை என்னங்க? சாணி அள்ளுவதுதான். பால் கறக்கச் சொம்பை எடுப்பதற்கு முன்னாலேயே அது நடந்துவிடும். பெரும்பாலும் வீட்டுத் தாய்மார்கள்தான் அள்ளுகிறார்கள். கூடையில் வாரி எருக்குழியில் கொட்டிவிட்டு, தரையைக் கழுவி விட்டால் அந்த வேலை முடிந்தது. அப்படி வாருவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று அந்தச் சாணியைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

சாணியில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிரிப்பீர்கள். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று வைத்தியரைக் கூப்பிட்டால், அவர் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சாணி போட்டுச்சா, எப்படிப் போட்டுச்சு?" என்பதுதான். வீட்டுக்காரர் தலையைச் சொறிவார். "போட்டுச்சுங்க, நேத்து சாயங்காலம்னு நினைக்கிறேன்" என்பார். கெட்டியா, தண்ணியா, என்ன நிறம் என்று கேட்டால் வீட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். அந்தம்மா இருட்டில் வாரியிருப்பார்கள். வாயில்லா ஜீவன் என்று மாட்டைச் சொல்கிறோம். வாய் இல்லாவிட்டால் என்ன, தினம் பத்துப் பன்னிரண்டு தடவை தன் வயிற்றுச் சேதியை அது நம் கண் முன்னால் போட்டுவிட்டுத்தான் போகிறது. நாம்தான் அதைப் படிக்காமல் குழியில் கொட்டிவிடுகிறோம்.

இதைப் படிக்கத் தெரிய வேண்டுமானால் மாட்டின் வயிறு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டுக்கு நாலு வயிறு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். ஒரே வயிறு நாலு அறையாகப் பிரிந்திருக்கிறது என்பதுதான் சரி. அதில் முதல் அறை மிகப் பெரியது. அதை அசையூண் வயிறு என்றும் பெருவயிறு என்றும் சொல்வார்கள். மாட்டின் இடது பக்கம் முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். நல்ல உடம்புள்ள கலப்பினப் பசுவுக்கு அந்த ஒரு அறையிலேயே நூறு லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். நம் வீட்டுக் குடத்தால் ஏழு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய அறையில் செரிமான நீர் ஒரு சொட்டுக்கூடச் சுரப்பதில்லை. அங்கே வேலை செய்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். ஒரு சொட்டுச் சாற்றில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். இட்லி மாவு ராத்திரியில் பொங்குகிறதே, அதே போன்ற காரியம் மாட்டின் வயிற்றில் இரவு பகலாக நடந்துகொண்டிருக்கிறது. வைக்கோலைச் செரிக்கிற சக்தி மாட்டுக்குக் கிடையாது. நுண்ணுயிர்கள்தான் அந்த நாரை உடைத்துச் சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. அந்தச் சத்துதான் பாலாகவும் பாலில் உள்ள கொழுப்பாகவும் வருகிறது. ஆகவே, மாட்டுக்குத் தீனி போடுகிறவர் முதலில் இந்த நுண்ணுயிர்களுக்குத்தான் தீனி போடுகிறார்.

இந்த நுண்ணுயிர்களில் வைக்கோல், தட்டை, புல் இவற்றைச் செரிப்பவை ஒரு கூட்டம். அவை நிதானமாக வேலை செய்யும். புளிப்பு அவற்றுக்கு ஆகாது. அரிசி, கம்பு, சோளம், மாவு இவற்றைத் தின்பவை இன்னொரு கூட்டம். இவை வெகு வேகம். தீனி கிடைத்தால் சில மணி நேரத்திலேயே பல மடங்கு பெருகிவிடும். பெருகும்போது புளிப்பை உண்டாக்கும். முதல் கூட்டம் மேலே இருக்கிறவரை மாடு நன்றாக இருக்கும். இரண்டாவது கூட்டம் கை ஓங்கினால் ஆபத்து. கறவை மாட்டுக்கு வயிற்றில் வருகிற கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

புளிப்பு மீறாமல் பார்த்துக்கொள்வதற்கு மாட்டுக்கு இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் அசை போடுவது. அவசரமாக விழுங்கிய தீனியை ஓய்வாகப் படுத்து மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மென்று விழுங்குகிறதல்லவா? அப்போது எச்சில் சுரக்கிறது. மாட்டின் எச்சிலில் சோடா உப்பு உண்டு. அது புளிப்பை முறிக்கும். நல்ல கறவைப் பசுவுக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேலே எச்சில் ஊறும் என்றால் நம்புவீர்களா? ஆனால் நாருள்ள தீனி இருந்தால்தான் மாடு அசை போடும். கஞ்சியையும் மாவையும் அசை போட முடியாது. நாள் ஒன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போட வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். மத்தியானம் மாடு நிழலில் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு கவளத்தைத் தொண்டைக்கு மேலே கொண்டுவந்து, மென்று, விழுங்குவதற்குள் எத்தனை தடவை மெல்லுகிறது? ஐம்பது, அறுபது என்றால் நல்லது. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் நாருள்ள தீனி போதவில்லை என்று சந்தேகப்படலாம். இன்னொன்றும் செய்யலாம். இடது பக்கத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முக்கோணமாக ஒரு பள்ளம் தெரியும். அங்கே கையை மூடி முஷ்டியால் அழுத்தி வைத்துக்கொண்டிருங்கள். உள்ளேயிருந்து அலை போல வந்து கையைத் தள்ளும். நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அப்படித் தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. மூன்று நிமிஷம் காத்திருந்தும் ஒன்றும் தள்ளவில்லை என்றால் வைத்தியருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

இனி சாணிக்கு வருகிறேன். நல்ல சாணி எப்படி இருக்க வேண்டும்? விழும்போது 'பொத்'தென்று சத்தம் கேட்க வேண்டும். விழுந்த இடத்தில் பரவி ஓடாமல், ஒன்றரை இரண்டு அங்குல உயரத்துக்கு வட்டமாக நிற்க வேண்டும். மேலே வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் லேசாக ஒரு குழி விழும். இளகிய களி போல என்று சொல்லலாம். நிறம் தீனியைப் பொறுத்தது. பசும்புல் தின்றால் கரும்பச்சை, வைக்கோல் தின்றால் பழுப்பு, அடர்தீவனம் கூடினால் மஞ்சள் கலந்து வரும். தீனி உள்ளே போய்ச் சாணியாக வெளியே வர ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள்வரை ஆகிறது. ஆகவே இன்றைக்குச் சாணி மாறியிருந்தால், நேற்றும் முந்தாநாளும் என்ன போட்டோம் என்று யோசிக்க வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடிச் சாணியைப் பழைய சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். முகம் சுளிக்காதீர்கள், கோமியம் தெளிக்கிற கைதானே! சல்லடையில் மிஞ்சுவதைப் பாருங்கள். சோளமும் மக்காச்சோளமும் முழுசு முழுசாகத் தங்கினால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தீவனம் அப்படியே குப்பைக்குப் போகிறது என்று அர்த்தம். அடுத்த தடவை உடைத்துப் போடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் நீளமான நார் நிறையத் தங்கினால், தீனி வயிற்றில் நின்று செரிக்காமல் ஓடிவிடுகிறது என்று தெரியும்.

மழை பெய்து புதுப் புல் முளைக்கும்போது சாணி இளகுவது சகஜம். மாடு சுறுசுறுப்பாக இருந்து, அசை போட்டுக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். காய்ந்த வைக்கோலையும் கூடவே போட்டால் நாலு நாளில் சரியாகிவிடும். எந்தப் புதுத் தீனியானாலும் ஒரேயடியாக மாற்றாமல் பழைய தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுவதுதான் முறை. நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீனிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும்.

இப்போது சொல்லப் போவதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். பொங்கல் முடிந்த மறுநாளும், கல்யாண முகூர்த்த நாட்களுக்கு மறுநாளும் கால்நடை மருந்தகத்தில் கூட்டமாக இருக்கும். காரணம் சோறு. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, வருஷமெல்லாம் உழைத்த மாட்டுக்குப் பொங்கலை வயிறாரக் கொடுக்கிறோம். ஆசையால் கொடுப்பதுதான், ஆனால் பழக்கமில்லாத மாடு ஒரே வேளையில் ஒரு வாளி சோறு தின்றால் அதற்கு அதுவே விஷம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, ரேஷன் அரிசிக் கஞ்சி, அரிசி மாவு, மூட்டை அவிழ்ந்து மாடு வாய் வைத்த நெல், பலாப்பழச் சீசனில் பலாச்சக்கை, எல்லாமே இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சோறு விழுந்ததும் அந்த வேகக் கூட்டம் பெருகுகிறது. புளிப்பு ஏறுகிறது. புளிப்பு தாங்காமல் வைக்கோல் செரிக்கிற கூட்டம் செத்துப்போகிறது. வயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. அசை போடுவதும் நின்றுவிடுகிறது. அசை போடாததால் எச்சில் இல்லை, புளிப்பை முறிக்க வழியும் இல்லை. உடம்பில் உள்ள தண்ணீரையெல்லாம் வயிறு தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வயிறு தளும்பும், ஆனால் மாட்டின் கண் குழி விழும். புளிப்பு ரத்தத்திலும் கலக்கும்போது மாடு தள்ளாடும், பிறகு தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படுத்துவிடும். சோறு தின்ற ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறி தெரிய ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நாளில் மாடு போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் ஒரு அம்மா. வீட்டுக்காரர் இல்லை, ஒரே ஒரு கலப்பினப் பசுவின் பாலை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளின் படிப்பு. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் ராத்திரி அண்டாவோடு வைத்துவிட்டார். காலையில் மாடு தீனி எடுக்கவில்லை. சாணி சாம்பல் கலந்த மஞ்சளாக, தண்ணியாக, புளித்த வாடையோடு கிடந்தது. அதில் சோற்றுப் பருக்கை அப்படியே தெரிந்தது. "சாணி போடுதே, வயிறு கழிஞ்சா சரியாப்போயிடும்" என்று ஊரில் பெரியவர் ஒருவர் சொன்னார். அந்தம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. புளித்த வாடை அடித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தே வந்து சொன்னார். அந்த வாடையைச் சொன்னதாலேதான் என்ன நோய் என்று போகும்போதே தெரிந்தது. நரம்பு வழியாக மருந்தும் பாட்டில் பாட்டிலாகத் திரவமும் ஏற்றி, மூன்றாம் நாள் மாடு எழுந்து வைக்கோல் கடித்தது. சாயங்காலம்வரை பொறுத்திருந்தால் எழுந்திருக்காது. பிழைத்த பிறகும் பல வாரம் குளம்பு நொந்து நடந்தது. புளிப்பின் வேகம் குளம்புவரை போகும்.

ஆகவே, மாடு சோறோ தானியமோ அளவுக்கு மீறித் தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள். தவிடு, கஞ்சி, கழுநீர், பிண்ணாக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, காய்ந்த வைக்கோல் மட்டும் போடுங்கள். பெரிய மாடாக இருந்தால், வைத்தியர் வருவதற்குள் சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா, 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து நின்றுகொண்டிருக்கும் மாட்டுக்கு மெதுவாகப் புகட்டலாம். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புளிக்கரைசல் போலப் புளிப்பான எதையும் கொடுக்க வேண்டாம். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற கதையாகிவிடும். பொங்கலன்று கொடுக்காமல் இருக்க மனம் வராது, எனக்கும் வராது. ஒரு கைப்பிடி வாழை இலையில் வைத்துக் கொடுங்கள், போதும்.

இதே புளிப்பு மெதுவாக, நாள்பட வருவதும் உண்டு. வைக்கோலைக் குறைத்து, பால் கூடட்டும் என்று அடர்தீவனத்தை அள்ளி வைக்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். மாடு சாகாது. ஒரு நாள் சாணி இளகும், மறுநாள் கெட்டியாகும். சில சமயம் நுரைக் குமிழி தெரியும். பால் சங்கத்தில் கொழுப்பு குறைகிறது என்பார்கள். சங்கத்துச் செயலாளரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய்ச் சாணியைப் பாருங்கள். பசுவுக்கு உடம்பைப் பராமரிக்க ஒன்று ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கும் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பதுதான் அடர்தீவனக் கணக்கு. அதையும் ஒரே வேளையில் வைக்காமல் பிரித்து வையுங்கள். தீவனத்துக்கு முன்னால் கொஞ்சம் வைக்கோல் தின்ன விடுவது நல்லது.

வயிறு உப்புசம் வேறு விஷயம். பனி காயாத இளம் பயறுவகைத் தீவனத்தை வெறும் வயிற்றில் மேய்ந்தால் வாயு நுரையாகி வெளியே வர முடியாமல், இடது பக்கப் பள்ளம் மேடாகி, தட்டினால் தப்பட்டை போலச் சத்தம் வரும். மாட்டை முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ கால் லிட்டர் மெதுவாகப் புகட்டி, வைத்தியரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினால் மணிக்கணக்கில்கூட நேரம் இருக்காது.

சாணி இளகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கெட்டியாகப் போவதும் கவனிக்க வேண்டியதுதான். உருண்டை உருண்டையாக, அடுக்கடுக்காகச் சாணி விழுந்தால் முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். கறவை மாட்டுக்குக் கோடையில் நாளைக்கு அறுபது லிட்டருக்கு மேலேயே தண்ணீர் தேவைப்படும். இரண்டு வேளை வாளியில் காட்டினால் போதாது. வெறும் வைக்கோல் மட்டும் தின்னும் மாட்டுக்கும் சாணி இப்படித்தான் இறுகும். பசுந்தீவனமோ கொஞ்சம் பிண்ணாக்கோ சேர்த்தால் இளகும்.

தண்ணீரும் தீனியும் சரியாக இருந்தும் சாணி கொஞ்சம் கொஞ்சமாக, சளி போல ஒன்று மேலே படிந்து வந்தால், மாடு இளைத்துக்கொண்டே போனால், அடிக்கடி உப்புசமும் வந்தால், வயிற்றில் பிளாஸ்டிக் பை சேர்ந்திருக்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. ஆனாலும் தெருவில் மேயும் மாட்டின் வயிற்றை அறுத்துப் பார்த்தால் கிலோக் கணக்கில் வருகிறது. அது செரிக்கவும் செரிக்காது, சாணியில் வெளியேறவும் வெளியேறாது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். பையோடு சேர்த்துச் சோறு போட்டு எறிகிறவர்கள் பாவம் தேடிக்கொள்கிறார்கள் என்றே சொல்வேன். கம்பித் துண்டு, ஆணி போனால் இன்னும் மோசம். அவை இரண்டாவது அறையில் தங்கும். அந்த அறைக்கு முன்னால் இதயம் இருக்கிறது. முதுகைக் கூனிக்கொண்டு நின்று, சாணி போடும்போது முனகி, பிறகு நெஞ்சுக்குக் கீழே வீக்கம் கண்ட மாட்டைக் காப்பாற்றுவது கடினம்.

குடற்புழு விஷயத்தில் மட்டும் உங்கள் கண்ணை நம்பாதீர்கள். சாணியில் புழு தெரியவில்லையே என்பார்கள். பெரும்பாலான புழு கண்ணில் படுவதே இல்லை. முட்டைதான் சாணியில் வரும். அதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். வாய்க்கால் ஓரமும் ஏரிக்கரையும் உள்ள நெல் விளையும் ஊர்களில் நத்தை மூலமாகப் பரவும் தட்டைப்புழு அதிகம். கல்லீரலில் தங்குவது ஒன்று, பெருவயிற்றின் உள்சுவரில் சிவந்த முத்துப் போல ஒட்டியிருப்பது இன்னொன்று. நாற்றமடிக்கும் தண்ணிக் கழிச்சல், முடி சொரசொரப்பாவது, தாடைக்குக் கீழே பை போல வீக்கம் தொங்குவது, இவையெல்லாம் அதன் அடையாளம். தண்ணீரில் நிற்கும் புல்லை அறுத்து வந்தால் ஒரு நாள் வெயிலில் காய வைத்துப் போடுங்கள். உருண்டைப்புழு மருந்து தட்டைப்புழுவைக் கொல்லாது. சினை மாட்டுக்கு எல்லா மருந்தும் கொடுக்கவும் கூடாது. ஆகவே சாணியைச் சோதித்து, மாட்டின் எடைக்குத் தக்கபடி வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்தைத்தான் கொடுக்க வேண்டும்.

கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பேச்சு முழுமையாகாது. கன்று சாவில் கழிச்சலுக்குத்தான் பெரும்பங்கு. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று பல ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. தயவு செய்து அதை விட்டுவிடுங்கள். கன்று பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. நேரம் ஆக ஆகக் கன்றின் குடல் அதை ஏற்றுக்கொள்ளும் சக்தியை இழந்துவிடும். இருபத்தைந்து கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது கொடுக்க வேண்டும். கன்று சீம்பால் குடித்தால் நஞ்சுக்கொடி விழுவதற்கும் அது உதவிதான்.

கன்றின் சாணி வெள்ளையாகத் தண்ணியாகப் போனால் அது கிருமிக் கழிச்சல். களிமண் நிறத்தில் நாற்றத்தோடு போய், வயிறு மட்டும் பானை போல இருந்தால் உருண்டைப்புழு. இது தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வருவது. எருமைக் கன்றுகளுக்கு அதிகம். அதனால்தான் பத்தாம் நாளிலேயே முதல் குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்கிறோம். ரத்தமும் சளியுமாக முக்கி முக்கிப் போட்டால் ரத்தக் கழிச்சல். அன்றைக்கே காட்ட வேண்டும். எந்தக் கழிச்சலானாலும் கன்றைக் கொல்வது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போவதுதான். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். பாலை அடியோடு நிறுத்திக் கன்றைப் பட்டினி போட வேண்டாம். பாலுக்கும் கரைசலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கட்டும்.

கைவைத்தியத்தை நான் மட்டம் தட்டுகிறவன் அல்ல. லேசான அஜீரணத்துக்கு இஞ்சி, மிளகு, சீரகம், உப்பு இடித்து வெல்லத்தோடு உருண்டையாக நாக்கில் தடவுவதில் தப்பில்லை. ஒரு நாளில் குணம் தெரியாவிட்டால் அதோடு நிறுத்திவிட்டு வைத்தியரிடம் வாருங்கள். ஆனால் இரண்டு காரியம் கூடாது. மூங்கில் குழாயை வைத்துத் தலையை அண்ணாத்தித் தூக்கி மருந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுக்காக ஊற்றிய மருந்தால் மூச்சு அடைத்துச் செத்த மாடுகள் உண்டு. இன்னொன்று, வயிற்று நோய்க்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவது. அதனால் தோல் வேகுமே தவிர வயிறு திறக்காது.

கழிச்சல் என்றதும் வயதானவர்கள் சிலர் "வெக்கை வந்துடுச்சோ" என்று பயப்படுகிறார்கள். ஊர் ஊராக மாட்டை வாரிக்கொண்டு போன அந்த வெக்கை நோய் தடுப்பூசியால் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 2011ஆம் ஆண்டு அறிவித்துவிட்டார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். ஆனால் ஒரே சமயத்தில் பல மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் வேறு தொற்றாகவோ விஷத் தீனியாகவோ இருக்கலாம். அதை மறைக்காமல் மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

சோதனைக்குச் சாணி எடுத்து வருவதற்கும் ஒரு முறை உண்டு. சிலர் நேற்றுப் போட்ட காய்ந்த வரட்டியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. மாடு அப்போதுதான் போட்ட சாணியில், மண் ஒட்டாத மேல்பாகத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழ அளவு எடுத்து, மூடியுள்ள சுத்தமான சிறு டப்பாவில் போடுங்கள். எந்த மாடு, என்ன வயது, சினையா, என்ன தீனி, எப்போதிலிருந்து சாணி மாறியது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவோடு வைத்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். மாடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, நடமாடும் மருத்துவ வண்டி வரும். போனை எடுத்தவரிடம் மாடு எப்போது கடைசியாகச் சாணி போட்டது, அது எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.